முதியோரும் வழித்துணையும்

குற்றாலத்திற் சாரல் தொடங்கிவிட்டால் அச்செய்தியைத் தென்காசி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மலைமுகட்டில் மேகம் தங்குதலும், மேல்காற்று நுண்டுளிகளை வாரிவந்து தெருவிலே தூவுதலும், வெளியூர் வண்டிகள் மேலகரத்துச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்றலும் அதனைத் தாமே அறிவித்துவிடும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் தமிழ்நாடெங்கணுமுள்ளாரை வருக வருகவென்று அழைக்கின்றன. ஆயின், அவ்வருவிகளுக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவிலேயே பிறந்து, வளர்ந்து, முதிர்ந்தவருட் பலர் அவற்றின் ஓசையைக் கேட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்குக் காரணம் நோயன்று, வறுமையுமன்று. அவர்கள் தம் வண்டியைத் தாமே ஓட்டுதலை விட்டுவிட்டமையே காரணம். இன்னார் நிலையைக் குறித்துச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் பாட்டனார் தொடக்கப் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு டி.வி.எஸ். 50 வண்டியே அவர்க்குக் காலாயிருந்தது. அதிலேறியே அவர் பள்ளிக்குச் சென்றார். ஞாயிறுதோறும் எம் பாட்டியாரைப் பின்னே இருத்திக் கோவிலுக்குச் சென்றார். அசனப் பண்டிகைக்கு வாழைத்தார் ஏற்றிச் சென்றார். சாரற்காலத்தில் விடியுமுன்னே அருவிக்குச் சென்று நீராடி மீண்டார். ஈராண்டுகளுக்கு முன் கண்ணழுத்த நோயினால் அவர்க்குப் பக்கப் பார்வை மங்கிற்று. ஒருநாள் மாலை, வலப்புறத்திலிருந்து குறுக்கே வந்த ஓர் ஆட்டுக்குட்டியைக் காணாது வண்டியோடு வீழ்ந்தார். காயம் சிறிதே, வீட்டார் கொண்ட அச்சமோ பெரிது. அன்றிரவே வண்டிச் சாவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினர். அவர் சிறிதும் மறுத்திலர். "சாவி இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு எப்படிப் போவது?" என்று மட்டும் வினவினார். அவ்வினாவுக்கு விடை கூறுவார் எம் வீட்டில் அன்று ஒருவரும் இலர். யாமும் வாய் திறந்திலேம்.

முதல் ஞாயிறு எம் தந்தையார் அழைத்துச் சென்றார். அடுத்த ஞாயிறு ஆட்டோ ஒன்று வந்தது. அதன்பின் சில வாரங்கள் கழிந்து, 'கால் வலிக்கிறது, நான் வரவில்லை' என்று சொல்லத் தொடங்கினார். அது கால்வலியன்று என்பதை யாம் பின்னரே உணர்ந்தோம். ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கேட்டன்றோ புறப்பட வேண்டியிருக்கிறது என்னும் மனவலியே அது. எழுபது ஆண்டுகள் எவரையுங் கேளாது புறப்பட்ட ஒருவர்க்கு அவ்வலி எத்தகையதென்பதை இளைஞராகிய நாம் எளிதில் அறியோம்.

நிற்க. இஃது எம் வீட்டார்க்கு மட்டும் நேர்ந்ததொன்றாயின் ஈண்டு எழுதத் துணியோம். 2011ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி இந்திய மக்களில் நூற்றுக்கு 8.6 விழுக்காட்டினர் 60 வயது நிரம்பியவராயிருக்கத் தமிழ்நாட்டிலோ அத்தொகை 10.4 ஆக இருந்தது. அதன்பின் அது வளர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை. இவருள் தம் வண்டியைத் தாமே ஓட்டிப் பழகியவர் தொகை இதற்குமுன் எத்தலைமுறையிலும் இத்துணை மிகுந்திருந்ததன்று. முன்னாளில் வில்வண்டியாயினும் குதிரைவண்டியாயினும் ஓட்டுவான் ஒருவன், ஏறிச் செல்வார் சிலர் என்பதே வழக்கம். 1903இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்தது. 1904இல் அது மலையைக் கடந்து கொல்லத்தோடு இணைந்தது. பின்னர்ப் பஸ்கள் வந்தன. இவையெல்லாம் பிறர் ஓட்டத் தாம் அமர்ந்து செல்லும் ஊர்திகள். ஆதலின் கண் மங்கினும் கை நடுங்கினும் ஒருவருடைய போக்குவரவு அதனால் முற்றும் நின்றுவிடவில்லை. 1980இல் டி.வி.எஸ். 50 விற்பனைக்கு வந்தபின் எளிய குடும்பத்தாரும் தமக்கென ஒரு மோட்டார் வண்டி பெற்றனர். அன்று முப்பது வயதினராயிருந்தார் இன்று எழுபத்தைந்தை எட்டியுள்ளனர். தாமே ஓட்டிச் செல்லும் சுதந்தரத்தைப் பெற்ற முதற்றலைமுறையே அதனை இழக்கும் முதற்றலைமுறையாகவும் நிற்கின்றது. இவ்விழப்பை எங்ஙனம் ஏற்பதென்று கற்பிக்க அவர்க்கு முன்னோர் எவருமிலர்.

இன்னுமொன்று நோக்கற்பாலது. அத்தலைமுறைப் பெண்டிருட் பெரும்பாலார் வண்டியோட்டக் கற்றிலர். கணவர் ஓட்டப் பின்னே அமர்ந்து சென்றவரே மிகுதி. ஆகவே ஒருவர் ஓட்டுதலை நிறுத்தினால் வீட்டில் இருவர் பயணம் நிற்கின்றது. எம் பாட்டியார் சாவியைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் மாதர் சங்கக் கூட்டத்திற்கு அவர் சென்று ஓராண்டுக்கு மேலாயிற்று என்பதை எம் வீட்டில் எவரும் எண்ணிப் பார்த்திலோம்.

அரசினர் முதியோரை முற்றும் மறந்தனர் என்று கூறுதல் நன்றியன்று. 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு வந்தது. அழைத்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னுந் திட்டம் தொடங்கி, நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாயிலிலேயே தருவதாயிற்று. 2025 ஆகஸ்டில் 'தாயுமானவர்' என்னும் அழகிய பெயரோடு, நியாயவிலைக் கடையின் அரிசியையும் பருப்பையும் முதியோர் இல்லந்தேடிக் கொண்டுசேர்க்குந் திட்டம் தோன்றிற்று. இவை போற்றத்தக்கன. ஆயினும் ஒன்றை ஊன்றி நோக்குக. இவற்றாற் பொருள்கள் முதியவரிடம் வருகின்றன. முதியவர் எங்கும் செல்வதில்லை. அவர் உயிர்க்கு இடர் நேர்ந்தவழி மட்டும் ஒரு வண்டி வந்து அவரை ஏற்றிச் செல்கின்றது. நோயுற்றால் வண்டி உண்டு, நலமாயிருந்தால் வண்டி இல்லை என்பதோ முறை? அரிசி வீட்டுக்கு வரும். நண்பர் வீட்டுத் திண்ணை வருமோ? மருந்து வரும், கோவில் மணியோசைக்கு நடுவே பலரோடு நிற்கும் நிலை வருமோ? அருவி தெருவுக்கு வருமோ? உண்பதும் மருந்துண்பதுமே வாழ்வாயின் இவ்வேற்பாடு போதும். அஃதன்றெனின் போதாது என்பதே எம் கருத்து.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். புறநானூற்றின் 243ஆம் பாட்டைத் தமிழ் வகுப்பிற் பயின்றபோது யாம் அதனைத் துறவு கூறும் பாட்டென்று மட்டும் எண்ணினோம். பாடிய புலவரின் இயற்பெயர் தெரியாமையால் அவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே வழங்கப்படுகின்றார். பூண் கட்டிய ஊன்றுகோலே அவர்க்குப் பெயராய் நின்றது. கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் ஒருவர், நீர்த்துறையில் மரக்கிளையேறிப் பலரும் வியக்கக் குதித்து மூழ்கி மணலெடுத்த தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். எம் பாட்டனாரின் ஊன்றுகோலைக் கண்டபின் அப்பாட்டின் பொருள் எமக்கு வேறாய்த் தோன்றிற்று. அம்முதியவர் இழந்தவை இளமையும் நீர்த்துறையும் என இரண்டு. இளமையை மீட்டுத் தருதல் எவராலுமாகாது. நீர்த்துறைக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுதல் நம்மாலாகும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே பஸ் இல்லையோ எனின், நிரம்ப உண்டு. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாயினர். அதனால் முதிய தாய்மாரும் பயன்பெற்றனர். சென்னை மாநகரில் 2016 முதல் 60 வயது நிரம்பியவர் ஆடவராயினும் பெண்டிராயினும் மாதத்திற்குப் பத்துமுறை கட்டணமின்றிச் செல்ல வில்லைகள் வழங்கப்பெற்றன. அம்முறை மாநகரத்தார்க்கென்றே வகுக்கப்பட்டது. முதுமை மாநகரத்தில் மட்டும் வருவதன்று. ஆதலின் 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமாகிய தென்காசிக்கும் அதனைக் கேட்டல் தகும்.

ஆயினும் கட்டணம் ஒரு தடை; பஸ்ஸின் படி அதனினும் பெரிய தடை. நாம் நாடோறும் ஏறும் பஸ்களின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. தாழ்தளப் பஸ்ஸிலோ அவ்வுயரம் 400 மில்லிமீட்டரே. சென்னையில் 2024இல் அத்தகைய புதிய பஸ்கள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்திலே ஒருபுறம் சாய்ந்து இன்னும் தாழும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. முழந்தாள் தேய்ந்தார்க்கு இவ்வேறுபாடு, புறப்படுதலுக்கும் வீட்டிலேயே தங்குதலுக்கும் உள்ள வேறுபாடாகும். பஸ்ஸானது நிறுத்தத்தை விட்டு விலகி நடுச்சாலையில் நிற்றலும், இளைஞர் ஓடி ஏறுதலும், முதியவர் ஒரு காலைப் படியில் வைக்குமுன்னே மணியடித்தலும் யாம் பலமுறை கண்டவை. சாரற்காலத்திலோ கேட்கவே வேண்டா. ஊர்க்குச் சிறப்பு வருங்காலமே ஊர் முதியோர்க்கு இடமில்லாத காலமாகின்றது.

'ஆட்டோ இருக்கின்றதே' என்பார் உளர். உண்மை, பல ஆட்டோக்காரர் முதியோரைக் கைபிடித்து ஏற்றி இறக்கும் நற்பண்பினர் என்பதும் உண்மை. ஆயின் போகவும் வரவும் காத்திருக்கவும் கூலி கொடுத்தல், சிறு ஓய்வூதியம் பெறுவார்க்கு மருத்துவமனை நாளில் மட்டுமே இயலும். 'பிள்ளைகள் எதற்கு?' என்பார் வேறு சிலர். பிள்ளைகளிற் பலர் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர். உடனிருப்பாரும் வேலைநேரத்தில் வர இயலாதவர். 'வீட்டிலிருந்து வேதம் வாசித்து ஜெபிக்கட்டுமே' என்பார் இன்னுஞ் சிலர். தனியறையில் ஜெபித்தல் நன்றே. ஆயின் அதனைத் தாமே விரும்பிக் கொள்ளுதல் வேறு, வேறு வழியின்மையாற் கொள்ளுதல் வேறு.

பிறநாட்டார் இதற்கு என்செய்தனர் என்று காண்டல் பயனுடைத்து. சப்பான் நாட்டில் முதியோர் தாமே முன்வந்து ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் தரும் முறை 1998இல் தொடங்கிற்று. 2002 முதல், அங்ஙனம் தந்தவர் விரும்பினால், அவர் வண்டியோட்டிய வரலாற்றுக்கு ஒரு சான்றட்டை பெறலாயினர். பல ஊர்களில் அதனைக் காட்டிப் பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் கட்டணச் சலுகை பெறலாம். 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் பேர் தம் உரிமத்தைத் தந்தனர். அமெரிக்காவில் மேயின் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் 1995இல் ஒரு சங்கம் தோன்றிற்று. தொண்டர்கள் தம் காரிலேயே முதியோரை வேண்டுமிடத்துக்கு அழைத்துச் செல்வர். ஒவ்வொரு முறையும் பணம் கைமாறுவதில்லை, கணக்கில் எழுதிக்கொள்வர். முதியவர் தம் பழைய காரைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு அதன் விலைக்கு ஈடாகப் பயணம் பெறவுங் கூடும். இவ்விரண்டிலும் யாம் கண்ட உண்மை ஒன்றே. ஒருவரிடமிருந்து சாவியை வாங்குமுன் அதற்கு ஈடாக ஒரு வழியைத் தரல் வேண்டும். அதனையும் அவர் இரந்து பெறாவண்ணம் தரல் வேண்டும்.

இனி, நம் ஊரிற் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைவாம்.

முதலாவது, வீட்டார் கடமை. 55 வயதைக் கடந்தார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தல் வேண்டுமென்பது சட்டம். அப்பொழுதே குடும்பத்தார் முதியவரோடு அமர்ந்து அமைதியாய்ப் பேசுதல் நன்று. விபத்து நேர்ந்த இரவிற் பேசுதல் பேச்சன்று, தண்டனையாகவே தோன்றும். முதலில் இரவுப் பயணத்தையும், பின்னர்ப் பெருஞ்சாலையையும், இறுதியில் வண்டியையும் விடுமாறு படிப்படியாய்ச் செய்தல் எளிது. வண்டியை விற்ற பணத்தையும், மாதந்தோறும் பெட்ரோலுக்கும் பழுதுக்கும் காப்பீட்டுக்கும் செலவிட்ட பணத்தையும் முதியவர் கையிலேயே ஒரு தனி உண்டியலாகக் கொடுத்துவிடுக. ஆட்டோவை அழைக்க அவர் பிறரைக் கேட்க வேண்டியதில்லை. அவர் பணம், அவர் பயணம்.

இரண்டாவது, திருச்சபையார் கடமை. ஞாயிற்றுக்கிழமை கோவில் வளாகத்தில் நிற்கும் கார்களில் எத்தனை இருக்கைகள் வெறுமையாய் வந்தன என்று எண்ணுவாருண்டோ? எந்தத் தெருவில் எந்த முதியவர் வரவியலாது இருக்கின்றார், எவர் கார் அவ்வழியே வருகின்றது என்று குருவானவரும் சபை மூப்பரும் ஒரு தாளில் எழுதினால் பாதி வேலை முடிந்தது. குறித்த கார், குறித்த நேரத்திற் கேளாமலே வாயிலில் வந்து நிற்றல் வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. எம் பாட்டனார்க்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. அடுத்த தெரு அன்பர் ஒருவர், தம்மை எவரும் கேளாமலே, சென்ற தவக்காலம் முதல் ஞாயிறுதோறும் எட்டு மணிக்குக் காரை நிறுத்தி ஒருமுறை ஒலியெழுப்புகின்றார். எம் பாட்டனார் ஏழரை மணிக்கே சட்டையணிந்து திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். கால்வலி என்னும் பேச்சு அதன்பின் எழவில்லை. பள்ளிவாசலாரும் திருக்கோயிலாரும் இதனைத் தத்தம் முறையிற் செய்யலாகும்.

மூன்றாவது, அரசினர் கடமை. 2025 ஜூனிற் புதிய சிற்றுந்துத் திட்டம் தொடங்கப்பெற்றது. பஸ் செல்லாத இடங்களுக்கு மினி பஸ் விடுதலே அதன் கருத்து. அத்தகைய வழிகளை வகுக்கும்போது மருத்துவமனை, அஞ்சலகம், வழிபாட்டிடம் ஆகியவற்றை முதியோர் செல்லும் முற்பகல் வேளையில் இணைத்தல் வேண்டும். தென்காசி, இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டை வழியிற் சில தாழ்தள வண்டிகளேனும் ஓடுதல் வேண்டும். சாரற்காலத்தில், கூட்டமில்லாத வாரநாட் காலையில், உள்ளூர் முதியோர்க்கென ஒரு பஸ் அருவிக்குச் சென்று மீளுமாறு செய்தலும் அரிய செயலன்று.

நான்காவது, மாணவராகிய நம் கடமை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இற் காந்தியடிகள் நூற்றாண்டில் தோன்றியது. ஆண்டுதோறும் அதன் முகாம்களில் நாம் சாலை பெருக்குகின்றோம், மரம் நடுகின்றோம். நட்ட மரத்தைப் பார்க்க அடுத்த ஆண்டு செல்வாரும் அரியர். அவற்றோடு, தென்காசி வட்டாரத்திலிருந்து வரும் மாணவர் இருவரிருவராகச் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரு முதியவர்க்கு வழித்துணையாய்ச் சென்றால் என்ன? வேண்டுவது காரன்று. பஸ் நிற்குமளவும் கையைக் காட்டி நிற்க ஒருவர், கைபிடித்து ஏற்ற ஒருவர், அவ்வளவே. இதற்கு நிதி வேண்டா, பந்தல் வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா. முறை தவறாது செல்லுதல் ஒன்றே வேண்டும். வருவோம் என்று சொல்லி வாராதிருத்தல், சொல்லாதிருத்தலினும் கொடிது.

எருசலேமில் ஐந்து மண்டபங்களையுடைய பெதஸ்தா என்னும் குளக்கரையில் முப்பத்தெட்டாண்டுகள் நோயுற்றுக் கிடந்த ஒருவனை நம் ஆண்டவர் கண்ட வரலாற்றை யாம் எல்லாரும் சிறுவயது முதற் கேட்டுள்ளோம். நீர் கலங்கும்போது தன்னைக் குளத்திற் கொண்டு விடுவார் ஒருவருமிலர் என்பதும், தான் செல்லுமுன் வேறொருவன் இறங்கிவிடுகின்றான் என்பதுமே அவன் முறையீடு. நீரில்லை என்று அவன் கூறினானல்லன். நீர் கண்முன்னே இருந்தது. துணையில்லை என்பதே அவன் கூறியது. ஆண்டவர் அவனுக்குச் செய்த அற்புதத்தைச் செய்ய நம்மாலாகாது. ஆயின் அவன் வேண்டிய அச்சிறு உதவி, நீர்க்கரை வரை ஒரு துணை என்பது, இரண்டு கையுடைய எவராலும் ஆகும்.

அடுத்த சாரல் வருதற்கு முன்னே, இதழைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் தம் தெருவில் வண்டியை நிறுத்திவிட்ட முதியவர் ஒருவரை நினைப்பாராக. எங்குச் செல்ல விரும்புகின்றார் என்று அவரை ஒருமுறை கேட்பாராக. அதன்பின் அவர் கேளாமலே சென்று அழைப்பாராக.